இனிஷியலை முழுங்குன தேடல் பெட்டி

எங்க அப்பா பேரை இங்க எழுத மாட்டேன். எழுதினாலும் பிரயோசனம் இல்ல, எங்க ஊருல அதே பேருல மூணு பேரு இருக்காங்க.

ஆலங்குடிக்குக் கிழக்கே எங்க ஊரு. எங்க பூட்டனுக்கு மூணு பையனுக. மூணு பேரும் அவங்கவங்க மூத்த பையனுக்கு அப்பன் பேரையே வச்சாங்க, எங்க பக்கத்து வழக்கம் அது. மாமனார் பேரை மருமக வாயால சொல்லக் கூடாதுல்ல, அதனால வீட்டுல ஆளுக்கொரு பேரு வச்சுக் கூப்பிட்டாங்க. ஊருக்குள்ள இதுவரைக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்ல. ரேஷன் கடை, பேங்கு, ஆஸ்பத்திரின்னு போனாத்தான் அசல் பேரு வெளிய வரும். அங்க மூணு பேரையும் பிரிச்சுக் காட்டுறது முன்னாடி நிக்கிற இனிஷியல் மட்டுந்தான்.

நான் புதுக்கோட்டையில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில கோடு எழுதுறேன். ஒரு டிரஸ்ட், கிராமம் கிராமமா மருத்துவ வேன் விடுது. பிபி, சுகர் உள்ளவங்களுக்கு மாசா மாசம் மாத்திரை. அந்த வேன்ல வர்ற நர்சு கையில வச்சுக்கிற டேப்லெட்டுக்கு ஒரு ஆப் வேணும்னு எங்கக்கிட்ட வந்தாங்க. முந்திரிக் கொல்லைக்கு நடுவுல சிக்னல் எங்க இருக்கும்? அதனால எங்கயோ இருக்கிற சர்வரை நம்ப முடியாது. டேட்டாபேஸ் ஆப்புக்குள்ளயே உக்காந்திருக்கணும். அதுக்குன்னே யாரோ எழுதி வச்ச ரெடிமேடு கோடு, லைப்ரரின்னு சொல்லுவோம், ஓப்பன் சோர்ஸ்ல இருக்கு. காசு இல்ல, உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம். எது நல்லதுன்னு ஒப்பிட்டுப் பாக்குற வேலை எனக்கு வந்துச்சு.

கடைசியில ரெண்டு நின்னுச்சு. ஒண்ணு பழசு. அலட்டல் இல்லாதது, குடுத்ததை அப்படியே வச்சுக்கும். ஆனா தேடல் பெட்டியில நாம அடிக்கிறதை வார்த்தை வார்த்தையாப் பிரிச்சு, டேட்டாபேஸுக்குப் புரியிற கேள்வியா மாத்துறதுக்கு ஒரு பார்சர் வேணும், அதைத் தனியாத் தேடிச் சேர்க்கணும். இன்னொண்ணு புதுசு. பார்சரும் உள்ளயே இருக்கு, வேகம் ஜாஸ்தி, வெப்சைட்டு கல்யாண மண்டபம் மாதிரி மின்னுது. எங்க டீம் லீடருக்கு அதைப் பாத்ததுமே பிடிச்சுப்போச்சு.

நான் என்ன பண்ணேன்னா, எங்க வீட்டு மூணு பேரையும் ஆதார்ல இருக்கிற மாதிரி இங்கிலீஷ்ல ரெண்டுலயும் ஏத்தினேன். அப்பா பேரை இனிஷியலோட அடிச்சேன். பழசுல நான் சேர்த்த பார்சர் அப்பாவை மட்டும் சரியாக் காட்டுச்சு. புதுசு மூணு பேரையும் கொண்டாந்து கொட்டுச்சு. உள்ள போயிப் பாத்தா, ஒத்தை எழுத்து வந்தா அது வார்த்தையே இல்லைன்னு அந்தப் பார்சர் தூக்கிப் போட்டுருது. அதை எழுதினவங்க ஊருல ஒத்தை எழுத்துக்கு அர்த்தம் இல்ல போல. எனக்கு இருக்கே.

ஒப்பிட்டு எழுதின டேபிள்ல வேகம், அளவு, லைசென்ஸ், எத்தனை பேரு ஸ்டார் குடுத்திருக்காங்கன்னு பத்தி பத்தியாப் போட்டு, கடைசியில நானா ஒரு பத்தி சேர்த்தேன். 'நம்ம ஊரு பேரைத் தேடுமா?'ன்னு. டீம் லீடர் அதைப் பாத்துச் சிரிச்சாரு.

"ஒரு எழுத்துங்க. அதுல என்ன இருக்கு?"

"எங்க தாத்தா இருக்காரு சார்," அப்படின்னேன்.

"எமோஷனலாப் பேசாதீங்க. இதெல்லாம் எப்பவோ ஒரு தடவை வர்றது."

எங்க ஊருல தடுக்கி விழுந்தா இப்படி ஒரே பேரு உள்ள ரெண்டு பேரு மேலதான் விழணும். இவரு எப்பவோ ஒரு தடவைங்குறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "சரி, புதுசையே எடுங்க, அந்த ஒத்தை எழுத்து விஷயத்தை மட்டும் மாத்திருவோம், செட்டிங்ல ஒரே வரிதான்"னு கெஞ்சாத குறையாக் கேட்டேன். மாத்துனா வேகம் குறையுமாம். மறுநாள் டேபிளைத் திறந்தா என் பத்தியையே காணோம், அழிச்சுட்டாரு. மரியாதைக்குத்தான் இன்னமும் அவரு இவருன்னு எழுதிக்கிட்டிருக்கேன். அதோட விட்டாரா? நர்சுக்கு விரலால ஒரு தட்டு மிச்சமாகட்டும்னு, தேடினதும் முதல்ல வர்ற ஆளோட பக்கம் நேராத் திறந்துக்கிற மாதிரி வச்சாரு. அந்தப் பக்கத்துல பேரு கொட்டை எழுத்துல இருக்கும். இனிஷியல் கீழே எங்கயோ, அப்பா பேருங்கிற கட்டத்துக்குள்ள கிடக்கும்.

வேன் எங்க ஊருக்கு வந்துச்சு. நர்சு திருமயம் பக்கத்துப் பொண்ணு, முதல் வேலை. எங்க அப்பா எப்பவும் போல பிபி மாத்திரை வாங்கப் போனாரு. பேரு கேட்டிருக்கா, இனிஷியலோட சொல்லியிருக்காரு, அவளும் இனிஷியலோடதான் அடிச்சிருக்கா. திறந்தது எங்க சித்தப்பா பக்கம். அதே பேரு, அதே ஊரு. சித்தப்பாவுக்கு சுகர். ஒரு மாசத்துக்கு சுகர் மாத்திரையை எண்ணிக் கவர்ல போட்டுக் குடுத்துட்டா.

"மாத்திரை கலரு மாறியிருந்துச்சுத்தா. கம்பெனி மாறியிருக்கும்னு நெனச்சேன்"னு அப்பா அப்புறமாச் சொன்னாரு. மாசத்துக்கு ஒரு கலர்ல குடுத்துப் பழக்கிவிட்டா மனுசன் வேற என்ன நெனப்பாரு?

கடலைக் கொல்லையில மயங்கி விழுந்து கிடந்தவரை அக்கம்பக்கத்துல பாத்துத் தூக்கிட்டு வந்தாங்க. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நான் போயிச் சேர்றப்ப குளுக்கோஸ் ஏறிக்கிட்டிருந்துச்சு. என் கையைப் பிடிச்சாரு, கை ஐஸா இருந்துச்சு. "சுகரே இல்லாத ஆளுக்கு சுகர் மாத்திரையை யாரும்மா குடுத்தது?"ன்னு டாக்டர் என்னைத் திட்டுறாரு. வேன்ல குடுத்த கவரைப் பாத்த உடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அங்கயே வராண்டாவுல நின்னு டீம் லீடருக்குப் போன் போட்டு, வாயில வந்ததெல்லாம் சொன்னேன். இங்க எழுதுற மாதிரி ஒண்ணும் இல்ல.

அப்பா பொழச்சு வீட்டுக்கு வந்துட்டாரு. அதுக்குள்ள டிரஸ்ட்ல நர்சை நிறுத்தி வச்சுட்டாங்க. 'கவனக்குறைவு'ன்னு எங்க கம்பெனியில இருந்தே எழுதிக் குடுத்திருக்காங்க, அதுதான் எனக்குத் தாங்கல. அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணி அழுவுறா. "அக்கா, இப்படிப் பேரு வாங்கிட்டா அப்புறம் எங்கயும் சேத்துக்க மாட்டாங்கக்கா. நான் சரியாத்தான்க்கா அடிச்சேன்." "எனக்குத் தெரியும்டி, நீ சரியாத்தான் அடிச்சிருப்பே"ன்னு சொன்னேன். வேற யாரு இருக்கா அவளுக்குச் சொல்ல?

விசாரணைன்னு டிரஸ்ட் ஆபீசுல கூப்பிட்டாங்க. டிரஸ்ட் டாக்டரம்மா நடுவுல உக்காந்திருந்தாங்க. டீம் லீடர் சட்டையை இன் பண்ணிக்கிட்டு வந்திருந்தாரு. நர்சு ஓரமா நின்னா, உக்காரச் சொல்ல ஆளில்ல. நான் அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போயி வெளிய பெஞ்சுல உக்கார வச்சிருந்தேன்.

"ஆப்புல பிரச்சினை இல்லைங்க மேடம். யூஸ் பண்றவங்க கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்," அப்படின்னு ஆரம்பிச்சாரு டீம் லீடர்.

நான் எந்திரிச்சேன். வேன்ல இருந்த அதே டேப்லெட்டை அவரு கையில குடுத்தேன்.

"எங்க அப்பா பேரு ஒங்களுக்குத் தெரியும்ல சார். டெஸ்ட் பண்ணிக் காட்டினேனே. இனிஷியலோட அடிங்க. எவ்வளவு கவனமா வேணாலும் அடிங்க."

டாக்டரம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவரு ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிச்சாரு. பக்கம் திறந்துச்சு.

"என்ன மாத்திரை போட்டிருக்கு?"ன்னு கேட்டேன்.

டாக்டரம்மா டேப்லெட்டை வாங்கி, "சுகர் மாத்திரை"ன்னு படிச்சாங்க.

"கொண்டுபோயிக் குடுங்க சார். அவரு வெளியதான் உக்காந்திருக்காரு," அப்படின்னேன்.

ஓரத்துல நின்ன பொண்ணுதான் பேசுனா.

"நானும் இப்படித்தாங்க மேடம் அடிச்சேன். அன்னிக்கே சொன்னேன். யாரும் அடிச்சுப் பாக்கலீங்க."

டாக்டரம்மா அவளை உக்காரச் சொன்னாங்க. மறுநாள் வேன் குளத்தூர்ப் பக்கம் போனப்ப அவ அதுல இருந்தா.

அந்த ஒரே வரியை நான்தான் மாத்தினேன். டீ ஆர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. வேகம் குறைஞ்ச மாதிரி எந்த மனுசனுக்கும் தெரியல. புது வெர்ஷன் விடுறப்ப என்ன மாத்தினோம்னு ஒரு குறிப்பு போடணும். அதுல டீம் லீடர் 'தேடலில் சிறு மேம்பாடு'ன்னு எழுதி வச்சிருந்தாரு. எங்க அப்பா கடலைக் கொல்லையில குப்புறக் கிடந்தது சிறு. ஒரு பொண்ணு ஓரமா நின்னு அழுதது சிறு. அந்த வரியை அழிச்சேன். 'இனிஷியலை விட்டுவிட்டு ஆளை மாற்றிக் காட்டியது எங்கள் ஆப். நர்ஸ் சரியாகத்தான் தேடினார்'னு எழுதி, கீழே என் பேரையும், அதுக்கு முன்னாடி எங்க அப்பாவோட எழுத்தை இனிஷியலாவும் போட்டு அனுப்பிட்டேன். அது அப்படியேதான் இருக்கு. மாத்திப் பாக்கட்டும்.