மத்தியானம் சாத்தியிருந்த நடை

இவர்கள் எல்லாரும் ஒட்டுமொத்தமாகச் செத்துத் தொலைந்தால் நான் கொஞ்சம் படுக்கலாம் என்று, சாதம் வடித்துக்கொண்டே நினைத்தவள் நான். நாலு பேருக்கு அன்னம் போடுகிற கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்கு இப்படி ஒரு நினைப்பு. பஜனைக்கு வருகிற உங்கள் எல்லாரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவள் ஒருத்திக்குப் பகவான் அருள் செய்த கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் விசாலம். பாலக்காட்டுப் பக்கம். மாட்டுங்காவில் குடித்தனம் வைத்த எட்டாவது வருஷம், 1941 இல், என் அகத்துக்காரர் டைபாய்டில் போய்விட்டார். என் பெண் கமலாவுக்கு அப்போது எட்டு வயது. ஊருக்கு வந்துவிடு என்று மைத்துனர் கடிதம் போட்டார். வந்தால் எங்கே இருப்பேன், என்ன சாப்பிடுவேன் என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை. நான் போகவில்லை. எனக்குத் தெரிந்தது சமையல். இருந்த இரண்டு அறையில் முன்னறையில் பலகை போட்டு மெஸ் ஆரம்பித்தேன்.

முதலில் ஐந்து பேர். கோட்டைப் பக்கம் ஆபீஸ்களில் வேலை பார்க்கிற நம் பையன்கள். ஒரே வருஷத்தில் இருபத்திரண்டு பேர் ஆனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்லக் கூடாது. "விசாலம் மாமி மெஸ் ஒரு நாளும் மூடாது" என்று ஸ்டேஷன் வரைக்கும் பேச்சு. அவருடைய முதல் வருஷத் திவசத்தன்றுகூட, பிராமணாள் சாப்பிட்டு எழுந்த கையோடு சாயங்கால டிபனுக்கு அடுப்பு மூட்டினேன். அதற்கும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில்தான் நான் கெட்டேன்.

விடிய நாலு மணிக்கு அடுப்பு. எட்டேகாலுக்கு ஆபீஸ்காரர்களுக்கு முழுச் சாப்பாடு, ஒன்பது மணி லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டுமே. பன்னிரண்டு மணிக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்கள் ஐந்து பேர். அப்புறம் டிபன். அப்புறம் ராத்திரிச் சாப்பாடு. நடுவில் ரேஷன் கடை வரிசையில் போய் நிற்க வேண்டும். யுத்த காலம். அரிசி பாதி, கல் பாதி. மிச்சத்துக்குக் கோதுமையைக் கொட்டுவார்கள். இலையில் கோதுமையைக் கண்டதும் என் சாப்பாட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், யுத்தத்தை நான்தான் ஆரம்பித்த மாதிரி.

இதற்கெல்லாம் மேலே அவர்களுடைய விரதம். சோமவாரம் இரண்டு பேர், கிருத்திகை ஒருவர், ஏகாதசி மூன்று பேர், சனிக்கிழமை நாலு பேர். விரதம் என்றால் என்ன? சாதம் சாப்பிட மாட்டார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள்! ஒருவருக்கு உப்புமா, ஒருவருக்கு அடை, இன்னொருவருக்கு உப்புப் போடாமல் ஏதாவது. அவர்களுக்குப் புண்ணியம் சேருவதற்கு நான் இன்னொரு அடுப்பு மூட்ட வேண்டும். நான் சாப்பிட்டேனா என்று எனக்கே ஞாபகம் இருக்காது. பட்டினி கிடந்தவள் நான், பேர் அவர்களுக்கு.

கூடமாட ஒரு ஆளை வைத்துக்கொள்ளேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று தட்டிவிட்டேன்.

இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் கை மரத்துப்போக ஆரம்பித்தது. உப்புப் போட்டேனா, போடவில்லையா? தெரியாது. படுத்தால் தூக்கம் வராது, காதுக்குள் "மாமி ரசம், மாமி மோர்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். யாரைக் கண்டாலும் எரிச்சல். யார் சிரித்தாலும் வயிற்றெரிச்சல். கமலாவிடம், "ஒரு நாள் தண்டவாளத்துக்குப் போய்ச் சேர்ந்துடறேன், அப்போ தெரியும் எல்லாருக்கும்" என்று சொல்வது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. ஒரு குழந்தையிடம் சொல்கிற பேச்சா இது? அவள் காதில் விழாதவள் மாதிரி இருப்பாள். விழவில்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

விளக்கேற்றும்போது குருவாயூரப்பனிடம் ஒரே பிரார்த்தனைதான். எனக்கு இன்னும் பலம் கொடு. இன்னும் இரண்டு கை கொடு. ஓய்வு கொடு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. என்ன புத்தியோ!

1944, பங்குனி மாசம், ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு ஆபீஸ் அரை நாள், பள்ளிக்கூடமும் அரை நாள். சேஷன் என்று ஒரு ஹெட்கிளார்க், சனிக்கிழமை விரதக்காரர்களில் அவர்தான் தலைவர், காலையிலேயே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"மாமி, போன வாரம் அடை கொஞ்சம் தடிமனா போயிடுத்து. இன்னிக்குப் பாத்துப் பண்ணுங்கோ. ரெண்டரைக்கு வந்துடுவோம். ஒரு வேளைதான் சாப்பிடறோம், அதுவாவது வாய்க்கு வேண்டாமா?"

ஒர்க்‌ஷாப்காரர்கள் சாப்பிட்டுப் போனார்கள். நான் இலை எடுத்து, எச்சிலிட்டுத் துடைத்துவிட்டு அடைக்கு அரைக்க உட்கார்ந்தேன். மணி ஒன்று தாண்டிவிட்டது. கமலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சமையலறை நிலைப்படியில் நின்றாள். மெதுவாக, பயந்துகொண்டே, "அம்மா, பசிக்கறது" என்றாள்.

அவ்வளவுதான். "நீயுமாடி!" என்று கத்தினேன். பக்கத்தில் கிடந்த இரும்புக் கரண்டியை எடுத்து வீசினேன்.

நெற்றியில் பட்டது. ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. குனிந்து கரண்டியை எடுத்தாள். குழாயடியில் கொண்டுபோய்க் கழுவினாள். துடைத்து, அதற்குரிய ஆணியில் மாட்டினாள். அப்புறம்தான் பாவாடையைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். ரத்தம் பட்ட கரண்டியைச் சமையலுக்கு வைக்கக் கூடாது என்று குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது. பதினோரு வயசு. ஈசுவரா, அந்த நிமிஷம் எனக்கு ஏன் உயிர் இருந்தது?

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. மாவுக் கையோடு தெருவில் இறங்கிவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டேஷன் பக்கம். போகிற வழியில் குருவாயூரப்பன் கோவில் இருக்கிறதே, அவனிடம் சொல்லிக்கொண்டு போய்விடலாம் என்று திரும்பினேன். என் பக்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

மணி ஒன்றரை. நடை சாத்தியிருந்தது. பெரிய பூட்டு.

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். கோவிலை மத்தியானம் சாத்துவார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மூன்று வருஷமாக நடை திறந்திருக்கும் வேளையில் எனக்கு வர முடிந்ததில்லை. காலையில் அவன் கதவு திறந்திருக்கும்போது நான் சாதம் போட்டுக்கொண்டிருப்பேன், சாயங்காலம் திறக்கும்போது டிபன் போட்டுக்கொண்டிருப்பேன். சாகப் போகிற அன்றைக்குத்தான் வந்தேன், அன்றைக்கும் சாத்தியிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு கையாலும் கதவைக் குத்தினேன்.

"சாப்பிட்டாச்சு, படுத்துண்டாச்சு, இல்லையா? நீயும் என் மெஸ்காராளோட சேர்ந்தவன்தானே! நைவேத்தியம் ஆனதும் கதவைச் சாத்திண்டு தூங்கற. இந்த லோகத்துல நான் ஒருத்திதான் முழிச்சிண்டு கெடக்கணுமா? திறடா!"

குருவாயூரப்பனை டா போட்டுக் கூப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

பக்கத்து நிழலில் ஒரு பூக்காரி, மராட்டியப் பெண், கூடையை ஈரத் துணியால் மூடிவிட்டுக் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். சத்தத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"தேவ் ஸோ கயா, பாயி. தும் பீ ஸோ ஜாவ்."

சாமி தூங்கியாச்சு, நீயும் தூங்கு. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு உபதேசம் செய்ய வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு இல்லை. அவள் தூக்கம் கெட்டுவிட்டதே என்ற கவலைதான்.

அவளையும் திட்ட வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. உட்கார்ந்தேன். தூணில் சாய்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது.

மணி அடிக்கிற சத்தத்தில் கண் விழித்தேன். நாலரை. நடை திறந்துகொண்டிருந்தது. கன்னமெல்லாம் எச்சில் வழிந்து, தலை கலைந்து, பைத்தியக்காரி மாதிரி எழுந்து நின்றேன். உள்ளே அவன் நின்றான். புதுத் துளசி மாலை. நன்றாகத் தூங்கி எழுந்தவனுடைய முகம். பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்பதே நினைவுக்கு வரவில்லை. கமலா இன்னும் சாப்பிடவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கதவு மட்டும் ஒன்றரைக்குத் திறந்திருந்தால், இரண்டு நிமிஷம் கும்பிட்டுவிட்டு நான் போக நினைத்த இடத்துக்குப் போயிருப்பேன். பலம் கொடு என்று மூன்று வருஷம் கேட்டேன். அவன் கதவைச் சாத்தி என்னைத் தூங்க வைத்தான்.

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். சேஷன் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி இது, ரெண்டரைலேர்ந்து நிக்கறோம்! விரதக்காராளை இப்படிப் பட்டினி போடலாமோ?"

விரதக்காரரை நான் பட்டினி போட்டுவிட்டேனாம்! இன்னொருவர் காப்பியாவது கிடைக்குமா என்றார். என் கோலத்தைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருக்கலாம். இரண்டரை வருஷம் என் கையால் சாப்பிட்டவர்கள். கேட்கவில்லை.

"கமலா எங்கே?" என்றேன்.

"தெரியலையே மாமி. நாங்க வரச்சே கதவு திறந்து கெடந்தது" என்றார்கள்.

தினமும் அவளிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை.

"நீ இங்கதான் வருவேன்னு வந்தேன்மா. ஒவ்வொரு வண்டியா பாத்துண்டிருக்கேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

மூன்று மணி நேரம். நான் அங்கே தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் என் குழந்தை இங்கே நின்றிருக்கிறாள். என்னைப் பிழைக்க வைத்த தூக்கத்துக்கு அவள்தான் நின்று விலை கொடுத்திருக்கிறாள். பகவானிடம் எனக்கு இதில் இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை அவனிடமே சொல்லியும் இருக்கிறேன்.

அன்று மெஸ் கிடையாது. அவளுக்கு மோர் சாதம் பிசைந்து கையில் போட்டேன். மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு வாசல் கதவைச் சாத்தினேன். நாலரைக்குத் திறந்தேன். இந்த மூன்று வருஷமாக அப்படித்தான். டிபன் கிடையாது, காப்பி மட்டும். விரதம் இருக்கிறவர்கள் விரதமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்க்கவும் அரைக்கவும் ஒரு பெண்ணை வைத்தேன். அவள் அரைத்த மாவிலும் அடை அடையாகத்தான் வருகிறது.

கேலி பேசினார்கள். "மாமி ஆத்துல நடை சாத்தியாச்சு, தீபாராதனைக்கு வாங்கோ" என்பார்கள். சேஷன் ஏழு பேரைக் கிளப்பிக்கொண்டு வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார். எதிரே பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறார். போகட்டும். முதல் இரண்டு மாசம் கதவைத் திறந்துவிடலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் புதிதாகச் சிலர் வந்தார்கள், இப்போது மொத்தம் பதினாறு பேர். அது போதும் எனக்கு. எல்லார் மேலும் எனக்கு அன்பு பொங்குகிறது என்று சொன்னால் பொய். ஆனால் சாதம் வடிக்கும்போது இப்போது வாயில் பகவான் நாமம்தான் வருகிறது, சாபம் வருவதில்லை.

போன நவராத்திரிக்கு ஒரு சபாக்காரர் வந்தார். ஒன்பது நாளும் மத்தியானம் ஐம்பது பேருக்குச் சமைக்க வேண்டுமாம். "பகவத் காரியம் மாமி, மாட்டேன்னு சொல்லப்படாது" என்றார்.

"பகவானே அந்த வேளைக்குப் படுத்துண்டுடறார். அவரை எழுப்பிச் சம்மதம் வாங்கிண்டு வாங்கோ" என்றேன். மனுஷர் அப்புறம் வரவில்லை.

உங்களில் சொந்தமாகக் கடையோ பட்டறையோ வைத்து உயிரை விடுகிறவர்கள் இருக்கிறீர்கள். குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறவரும், தாராவியில் தையல் மிஷின்கள் போட்டிருக்கிறவரும் பஜனையில் தாளம் போட்டுக்கொண்டே தூங்கி விழுவதை நான் பார்க்கிறேன். நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பெயர் உழைப்பு இல்லை, திமிர். எனக்கு அது நிறைய இருந்தது. அவனை நம்பி ஒரு வேளை கதவைச் சாத்துங்கள். சிலர் கோவித்துக்கொண்டு போவார்கள். உங்களை அவன் பட்டினி போட மாட்டான். எனக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தவனுக்குக் கோடி நமஸ்காரம். இதை நான் சாகும்வரை சொல்வேன்.

ஆனால் சீக்கிரம் சாத்துங்கள். நான் தாமதமாகச் சாத்தினவள். கமலாவுக்கு இப்போது பதினாலு வயசு. நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னோடு சிரித்துப் பேசுகிறாள். மத்தியானம் நான் படுத்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஆனதும், சத்தம் போடாமல் வந்து என் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் பார்க்கிறாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மூச்சைக் கொஞ்சம் பலமாக விடுகிறேன்.