ஆசீர்வாதத்தின் சாட்சி

பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில் ஆசீர்வாதத்தை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு அது தாங்க முடியாத அவமானம். மடுல்சீமைப் பக்கம் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் அவன், கூலியாட்களை மேய்க்கும் தலைக்கங்காணி வீட்டு ஒரே பிள்ளை. அங்கே அவன் தும்மினால் நாலு பேர் ஓடி வருவார்கள். இங்கேயோ விடுதியில் பக்கத்து அறைக்காரனுக்கே அவன் பெயர் தெரியாது.

அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அவன் அம்மா குணமணி. அப்பா தலைக்கங்காணிக்கு மகனைப் படிக்க வைக்கும் எண்ணமே கிடையாது. கோட்டையும் தலைப்பாகையையும் மாட்டிவிட்டுத் தன் பின்னால் மலையேற விடலாம் என்றிருந்தார். குணமணி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மனுஷன் பயந்துபோய்ப் பையனைப் பதுளையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிறகு வயல் வாங்குகிறேன் என்று திருச்சிக்குக் கப்பலேறியவர், வயலோடு இன்னொரு குடித்தனத்தையும் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு மிஞ்சியது மகன் ஒருவன்தான். பதுளைக்கு ஆள் போகும்போதெல்லாம் கோழிக்குழம்பும் முறுக்கும் கட்டி அனுப்பியே அவனை ஆளாக்கினாள்.

இது நடந்தது ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறாம் ஆண்டுகளில். பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடி ஜெபம் பண்ணுவார்கள். முதலில் பாட்டு, பிறகு வேதவாசிப்பு, கடைசியில் சாட்சி. அதாவது, தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துப் போதகர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பாவம் செய்ய எங்கே நேரம்? ஒருவன் வீட்டுக்குத் தெரியாமல் சினிமா பார்த்ததைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுவான். அடுத்த வாரம் எழும்புகிறவனும் அதே சினிமாவைத்தான் பார்த்திருப்பான்.

கூட்டத்துக்குத் தலைவர் நேசரத்தினம். மகா பக்திமான். அவர் கண்ணை மூடினால் தேநீர் ஆறிப்போகும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஆசீர்வாதத்தைப் பார்த்து, "தம்பி, நீர் எந்த இடம்?" என்று கேட்டார்.

"மடுல்சீமைங்க. தோட்டம்."

அடேயப்பா, அந்த ஒரு சொல்லுக்கு என்ன மதிப்பு! அறை முழுக்க "ஐயோ" என்று மூச்சு விட்டது. முன் வரிசையில் இருந்த டொக்டர் வீட்டு மகள் ஜெயமலர் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"லயத்திலையோ இருந்தனீங்கள்? எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பியள்!"

லயம் என்றால் கூலியாட்களை வரிசையாக அடைத்துவைத்த ஒற்றை அறை வீடுகள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் ஏழு அறை, முன்னால் ரோஜாத் தோட்டம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு அறை வீட்டுக்காரனை ஜெயமலர் திரும்பிப் பார்ப்பாளா? ஆசீர்வாதம் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல ஆட்டினான். அவ்வளவுதான் செய்தான், பாவி!

மிச்சத்தை அவர்களே செய்துகொண்டார்கள். நாற்பத்தெட்டில் தோட்டத்துச் சனங்களின் குடியுரிமை பறிபோனபோது வாயே திறக்காத வீடுகளின் பிள்ளைகள், இப்போது வாரந்தோறும் அவனை நடுவில் நிறுத்திவைத்து அந்தச் சனங்களுக்காகக் கண்ணீர் விட்டார்கள். அவனும் வஞ்சகம் பண்ணாமல் கதை கொடுத்தான். ஒழுகும் கூரை வந்தது. ஒற்றை ரொட்டியை நாலாகப் பிய்த்துத் தின்ற இரவு வந்தது. காய்ச்சலில் துடித்த தங்கச்சியைச் சாக்கில் சுற்றி மழையில் தூக்கிக்கொண்டு அம்மா ஓடியதும், வழியிலேயே பிள்ளை கண்ணை மூடியதும் வந்தன. ஒரே பிள்ளைக்குத் தங்கச்சி ஏது? அது கொழுந்தெடுக்கும் அங்கம்மாவின் பிள்ளை. சின்ன வயதில் கேட்டது, சமயத்துக்கு உதவியது. ஜெயமலர் கைக்குட்டையை முழுசாக நனைத்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பெரிய விடுமுறை வருகிற நேரத்தில் நேசரத்தினத்துக்கு ஆண்டவர் ஒரு வழி காட்டினார்.

"இந்த முறை எங்கட ஊழிய முகாம் ஆசீர்வாதத்தின்ர தோட்டத்தில. அவற்ற லயத்துக்கு நாங்களே வெள்ளையடிப்பம். அந்தத் தாயைக் கண்டு ஜெபிப்பம்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். ஆசீர்வாதமும் ஆமென் என்றான்.

மற்றவர்களுக்கு முன்பே ஊருக்கு ஓடிவந்து நேரே அங்கம்மாவின் லயத்துக்குப் போனான். விஷயத்தைக் கேட்டதும் அவள் வாயில் கைவைத்தாள்.

"ஐயையோ தம்பி, இது என்னா கூத்து? பெத்தவ மேல வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கையில என்னைய ஆத்தாங்கிறதா? அடுக்குமா?"

"ரெண்டே நாளுதான் அங்கம்மா. என் மானம் ஒன் கையில இருக்கு."

தலைக்கங்காணி வீட்டுப் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் லயத்தில் யார் மறுப்பார்கள்? அவள் நெற்றித் திருநீற்றை அழித்தாள். அவள் புருஷன் ரெங்கசாமி முருகன் படத்தைக் கழற்றி அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்து, "கோவிச்சுக்காத சாமி, நம்ம பொழப்பு அப்பிடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அம்மாவிடம் வேறு கதை. "கூட்டாளிங்க ஊழியத்துக்கு வர்றாங்கம்மா. பெரிய வீடுகள்ல கை நனைக்க மாட்டாங்க. நீங்க கீழ வர வேணாம்."

குணமணிக்கு மனசு கேட்குமா? மகனோடு படிக்கிற பிள்ளைகள் மகன் ஊருக்கு வந்து சோறு தின்னாமல் போவதா? அவனிடம் சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு சேவலைப் பிடிக்கச் சொன்னாள்.

முகாம் வந்து இறங்கியது. பசறையிலிருந்து பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்த ஊழியக்காரர்கள் முதல் நாள் முழுக்கப் படுத்திருந்தார்கள். மறுநாள் வெள்ளையடித்தார்கள்; சுவரில் பாதி, சட்டையில் பாதி. பிறகு எல்லாரும் அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்து முழங்காலில் நின்றார்கள். நேசரத்தினம் அங்கம்மாவின் தலையில் கைவைத்து, செத்துப்போன அந்தப் பெண்பிள்ளையை நினைத்து ஜெபிக்கத் தொடங்கினார்.

அங்கம்மாவுக்கு நடிப்பு மறந்துபோனது. "என் தங்கம், சாக்குக்குள்ளயே குளுந்து போச்சே" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒருவராலும் தாங்க முடியவில்லை. ஜெயமலர் ஆசீர்வாதத்தின் தோளைத் தொட்டு, "அம்மாவைக் கட்டிப் பிடியுங்கோவன்" என்றாள்.

ஜெயமலர் தொட்ட பிறகு யோசனை எங்கே வரும்? அவன் அங்கம்மாவைக் கட்டிக்கொண்டு, "அம்மா! என்னைப் பெத்த அம்மா! நான் இருக்கேன்ம்மா ஒங்களுக்கு!" என்று ஓலமிட்டான்.

வாசல் இருட்டியது. நிமிர்ந்து பார்த்தான். பட்டுச் சேலையும் தங்கத் தோடுமாகக் குணமணி நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால் இரண்டு ஆட்கள் சோற்றுச் சட்டிகளைத் தலையில் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"நீங்கள் ஆர் அம்மா?" என்று நேசரத்தினம் கேட்டார்.

குணமணி மகனைப் பார்த்தாள். அவன் கை இன்னும் அங்கம்மாவின் கழுத்தில்தான் இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஜெயமலர் பக்கத்தில் இருந்தாள்.

"தலைக்கங்காணி சம்சாரங்க. படிக்கிற புள்ளைங்க வந்திருக்கீங்கன்னாங்க. சோறு கொண்டாந்தேன்."

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?" என்றாள் ஜெயமலர்.

"ஒருத்தன் இருக்கான். படிக்கப் போனவன், இன்னும் வரல."

நேசரத்தினம் அந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா? ஏழைத் தாயின் கண்ணீரைப் பணக்காரத் தாய்மார் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவளை நிற்க வைத்தே ஒரு பிரசங்கம் செய்தார். குணமணி கையைக் கட்டிக்கொண்டு முழுதையும் கேட்டாள். பிறகு எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். மகன் இலைக்கு வந்தபோது, "வெக்கப்படாம சாப்பிடுங்க தம்பி" என்றாள். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். அவனும் தின்றான். தின்னாமல் எழும்பினால் சந்தேகம் வருமே!

முகாம் அமோக வெற்றி. கல்நெஞ்சுக்காரியான தலைக்கங்காணி மனைவியை ஆண்டவர் இளக்கி, ஏழைகளுக்குத் தன் கையால் பரிமாற வைத்தார் என்று நேசரத்தினம் அடுத்த வெள்ளிக்கிழமை சாட்சி சொன்னார். ஆசீர்வாதமும் ஆமென் என்றான்.

ஜெயமலர் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? தோட்டத்துச் சனங்களுக்காகக் கடைசிவரை உருக்கமாக ஜெபித்தாள். படிப்பு முடிந்ததும் அப்பா பார்த்த யாழ்ப்பாணத்து எஞ்சினியரைக் கட்டிக்கொண்டாள். கலியாணத்தில் ஒரு பாட்டுப் பாட ஆசீர்வாதத்தை அழைத்தாள். இரக்கத்துக்கும் சம்பந்தத்துக்கும் என்ன தொடர்பு? போய்ப் பாடிவிட்டு வந்தான்.

பிறகு பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். முகாமுக்குப் பிறகு அம்மா ஒரு தரம்கூட அவனை ஏசவில்லை. விளக்குமாற்றை எடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் மரியாதை கொடுத்தாள். "வாங்கய்யா" என்று முன்னறையில் உட்கார வைப்பாள். துரைமாருக்கென்று வைத்திருந்த பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பாள். அவன் சமையலறைப் பக்கம் எழுந்து வந்தால், "இங்க புகை, நீங்க போய் உக்காருங்க" என்பாள்.

அறுபத்தோராம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அவனால் அதற்கு மேல் முடியவில்லை. கோவிலில் ஆராதனை முடிந்து வந்தவன், கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நான் செஞ்சது துரோகம்மா. என்னைத் திட்டும்மா. நாலு அறை குடும்மா. ஒரு தரம், நீ வாடா போடான்னு கூப்புடும்மா!"

குணமணி பதறிப்போய்க் குனிந்து காலை விடுவித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள்.

"எழும்புங்கய்யா. கீழ லயத்துல பெத்தவ கேட்டா என்னாங்க நெனைப்பா?" என்றாள்.