கையைப் பிடித்து அளவு பார்த்த கடை

என் கைக்கு வளையல் அளவு என்னவென்று ஐம்பது வயது வரை எனக்குத் தெரியாது. மன்னார்குடி கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்த அக்கா அதைக் கேட்டதே இல்லை. கட்டை விரலை உள்ளே மடக்கி, முட்டியை அமுக்கி, ஒரு டஜன் கண்ணாடி வளையலையும் உடையாமல் ஏற்றிவிடுவார். நாற்றுப் பறித்துக் காய்த்துப் போன கை என்னுடையது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் கூலித் தகராறு ஓயவில்லை. ஊருக்கு வரும் வளையல்காரர் பண்ணை வீட்டுப் பெண்களுக்குக் கையைப் பிடித்துப் போட்டுவிடுவார். கூலிக்குப் போகிறவர்களான எங்கள் தெருவில் வளையலைச் சாக்கில் பரப்பிவிட்டு, எங்களைத் தொடாமல் தள்ளி நிற்பார். பாதி வளையலை நாங்களே போட்டு உடைப்போம். அதனால், கடைக்கார அக்கா முதல்முறை கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"கடிச்சுட மாட்டேன்டி, குடு" என்றார்.

பிறகு அக்காவின் கடை இருந்த கட்டடத்தை இடித்தார்கள். அக்கா தஞ்சாவூர் மாலில், நகரும் படிக்கட்டுக்குக் கீழே சின்ன இடம் பிடித்தார். என் மகளின் வளைகாப்புக்கு வளையல் வாங்க அங்கே போனால், அந்த இடத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் பெரிய கம்பெனியின் கடை. பழைய கடை காலியாகி மூன்று மாதம் என்றார் காவலாளி.

"சைஸ் சொல்லுங்கம்மா" என்றாள் அந்தக் கடைப் பெண்.

தெரியாது என்று சொல்ல வெட்கம். பக்கத்தில் வளையல் வாங்க நின்ற வேறொரு அம்மா தன் கைக்கு "ரெண்டு நாலு" என்றார். எனக்கும் மகளுக்கும் நானும் அதையே சொன்னேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால், எனக்கு வளையல் கை முட்டியைத் தாண்டவில்லை. ஏழு மாதத்தில் வீங்கியிருந்த மகளின் கையில் முதல் வளையலே உடைந்தது. வளைகாப்புக்கு முன்னால் வளையல் உடைந்ததில் அவள் முகம் வாடிவிட்டது. போனில் பேசவே கூச்சப்படுகிற நான், பழைய கடைப் பையிலிருந்த நம்பருக்குப் போட்டேன்.

"யாரு?"

"நான்தான்க்கா... மன்னார்குடியில..."

"காய்ச்ச கைக்காரியா? சொல்லுடி!"

வளைகாப்பன்று காலையில் அக்கா துணியில் கட்டிய வளையல் மூட்டையோடு வந்தார். மகளின் கையை மடியில் வைத்து, மெல்ல நீவி நீவி அத்தனை வளையலையும் ஏற்றினார். ஒன்றுகூட உடையவில்லை. மகள் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். அடுத்து என் கை.

"என்ன சைஸுக்கா இது?"

"ஒனக்கெதுக்குடி அதெல்லாம்?" என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். கடைசி வளையலும் ஏறிய பிறகு, கையை விடாமல் சொன்னார்: "ரெண்டு எட்டு. இனிமே கடையில கேட்டா சொல்லு."