புளியமரத்துச் சிவப்புத் துணி

வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு அறிக்கை எழுதும் மேதையாக அப்போது நான்தான் இருந்தேன். திருவண்ணாமலைக்கு வெளியே ஓர் ஏரியில் மதகைத் திறந்து மூடும் லஸ்கரை அப்படித்தான் சந்தித்தேன். காக்கி அரை நிக்கர், சேறு காயாத கால். ஏரியை ஒட்டிய ஒரு புளியமரத்தில், வெள்ளம் ஏறிய உயரத்தில் சிவப்புத் துணி கட்டிவைப்பது அவர் வழக்கம்.

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு அந்த மரத்தைச் சுற்றியே காலனி கட்டச் சொன்னது எங்கள் திட்டம்.

“இங்க வந்து நில்லுங்க சார்,” என்றார். நின்றேன். துணி என் தலைக்கு மேலே இருந்தது.

“வூடு கட்டித் தரீங்களா, மீன் தொட்டி கட்டித் தரீங்களா?”

“நாங்க பார்த்தப்ப ஈரமே இல்லீங்களே.”

“எப்ப பாத்தீங்க?”

“சித்திரையில. அப்பதான் இங்க ஜீப் வரும்.”

“ஐப்பசி வெள்ளத்தச் சித்திரையில வந்து அளந்தீங்களா? படிச்சவங்கதானே நீங்கள்லாம்?”

அந்தக் கோபத்தை, ‘உள்ளூர்க் கருத்து கேட்டறியப்பட்டது’ என்று அழகான நடையில் எழுதினேன். காலனி வந்தது. அடுத்த ஐப்பசியில் தண்ணீரும் வந்தது. ஜனங்களைத் தோளில் சுமந்து கரையேற்றியவர் அவர்தான்.

வடிந்ததும் போனேன். துணியை அவிழ்த்து ஒரு சாண் மேலே கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மரத்தடியில் நிற்கச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.