மூன்று அட்டவணையில் ஒரு பிள்ளை

1. போன்

நெடுந்தீவுப் படகில் என் வயிறு ஒருநாளும் ஒழுங்காக இருந்ததில்லை. கடலோரக் கரம்பொன்னில் பிறந்து வளர்ந்தவள் கடலுக்குப் பயப்படலாமா என்று கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புள்ளிவிபர உத்தியோகத்தராக அந்தத் தீவுக்குப் போய்வந்த வருடங்களில், குறிகட்டுவானில் படகேறும்போதே குமட்டலுக்கு மணந்துகொள்ளக் கைக்குள் ஒரு தேசிக்காய் வைத்திருப்பேன்.

அன்று இறங்கித் தலைச்சுற்று அடங்குவதற்குள் போன் அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் மேலதிகாரி. கோபக்காரர் அல்ல. ஆனால் கணக்குப் பிழைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"மிஸ், உங்கட மூண்டு அட்டவணையிலயும் ஒரே அடையாள அட்டை நம்பர் வருது. சிறு வியாபாரத்திலயும் அவ, அரச சம்பளத்திலயும் அவ, கம்பசுக்குத் தெரிவான பிள்ளையளிலயும் அவ. மூண்டையும் கூட்டித்தான் அறிக்கை போகுது. ஒரு ஆள் ஒரு ஆளாத்தான் இருக்கோணும். ரெண்டை வெட்டிப்போட்டு அனுப்புங்கோ."

எந்த இரண்டை என்று கேட்டேன். அது அங்கே நிற்கிற உங்களுக்குத்தானே தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு எங்கே தெரியும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இறங்குதுறையில் நின்றேன்.

2. எது உண்மை

அந்த நம்பருக்குரியவள் நிரோஜினி. இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை அவளுடைய பெயரில் பதிவாகியிருந்தது. ரொட்டி, சோடா, போன் ரீலோட், தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போகக் கருவாடு, எல்லாம் அங்கே உண்டு. ஆகவே முதலாவது அட்டவணை சரி.

காலையில் அவள் முன்பள்ளி ஆசிரியை. அதற்கு அரசாங்கக் கொடுப்பனவு வருகிறது. அதைச் சம்பளம் என்று சொல்ல அவளுக்கே வெட்கமாக இருக்கும், ஆனாலும் சம்பளப் பட்டியலில் அது இருக்கிறது. ஆகவே இரண்டாவதும் சரி.

உயர்தரப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, கிழக்கில் ஒரு பல்கலைக்கழகக் கம்பசுக்குத் தெரிவானவள். பாடசாலை தந்த பட்டியலில் அவளுக்கு நேரே 'உயர்கல்விக்குத் தயார்' என்று குறித்திருந்தது. மூன்றாவதும் சரி. எங்கள் நாட்டில் ரிசல்ட் வந்து கம்பஸ் திறக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்கிற காலத்தில் கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெறலாம். இவள் அந்த இடைவெளியில் இரண்டு வேலை எடுத்துக்கொண்டாள். அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை.

மூன்றும் சரியென்றால் எப்படி இரண்டை வெட்டுவது? பிழையைத் திருத்தத்தான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். சரியை எப்படித் திருத்துவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

போதாததற்கு இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. கம்பசில் பதிவதற்கு அந்த வாரம்தான் கடைசியாம். அவள் இன்னும் பதியவில்லையாம்.

3. கடை

கடைக்குப் போனேன். தாய் திரேசா தாச்சிக்கு முன்னால் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தகப்பன் கடலுக்குப் போய்விட்டார். முன்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற ஒரு மனிசன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நிரோஜினி கிளாஸ் கழுவினாள்.

விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், அந்த மனிசன் முந்திக்கொண்டார். ரீச்சர் என்று எழுதச் சொன்னார். அவள் போனால் முன்பள்ளி பூட்டுத்தான் என்றார். அவருடைய கவலை அவருக்கு. நான் நிரோஜினியைப் பார்த்தேன்.

"நான் ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ அக்கா," என்றாள். "காலமை ரீச்சர், பின்னேரம் கடைக்காரி. கம்பஸ் எண்டது இன்னும் ஒரு கடிதம் மட்டும்தான். எதை வெட்டினா நான் போகலாம்?"

நான் வெட்டுவதற்கும் அவள் போவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. அவள் அப்படி நம்பிக்கொண்டு கேட்டது எனக்குப் பாவமாக இருந்தது.

திரேசா ரொட்டியைப் பிரட்டிக்கொண்டே பேசினார். "அவள் ரெடி. பள்ளிக்கூடமும் ரெடி எண்டு எழுதிக் குடுத்திட்டுது. நான்தான் ரெடியில்லை. அதுக்கு உங்கட தாளில இடம் இருக்கோ?"

இல்லை என்றேன். இந்த இறங்குதுறையால் படிக்கப் போன பிள்ளைகள் வேலையும் அங்கேயே எடுத்துக்கொண்டு திருநாளுக்கு மட்டும் வருகிறார்கள் என்று அவர் சொன்னார். அதற்கும் என்னிடம் இடம் இருக்கவில்லை.

கையிலிருந்த குடும்ப விபரத்தைப் புரட்டினேன். திரேசாவின் பெயருக்கு நேரே 'தொழில் இல்லை' என்றிருந்தது. யோசியாமல் சத்தமாக வாசித்துவிட்டேன்.

ரொட்டி பிரட்டிய கை நின்றது.

"தொழில் இல்லையோ? விடிய எழும்பி மா குழைக்கிறது பின்ன ஆர்?"

கடையைத் தொடங்கியதும் அவர், நடத்துவதும் அவர். பதிவுக்கு அரசாங்கக் கச்சேரி, வங்கி என்று ஓடித்திரிய ஏலாது என்று மகளை அனுப்பியிருக்கிறார். போனவள் பெயரிலேயே பதிந்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. நிரோஜினியோ, கடை தன் பெயரில் இருப்பதால், தான் போனால் கடையும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திரேசா கருகத் தொடங்கிய ரொட்டியை எடுத்து ஒரு பக்கம் போட்டார். பிறகு என்னிடம் சொன்னார், ஆனால் சொன்னது மகளுக்கு.

"கடையை என்ர பேரில எழுதுங்கோ. அவள் போய்ப் பதியட்டும்."

நிரோஜினி கழுவிய கிளாசையே திரும்பக் கழுவினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு அங்கே நிற்க ஒரு மாதிரி இருந்தது. நல்லது நடந்ததா, ஒரு வீட்டைப் பிரித்தேனா என்று படகில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அன்று தேசிக்காய் நினைவுக்கே வரவில்லை.

4. புது நம்பர்

அவள் பதிந்தாள், போனாள். முன்பள்ளி கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. பிறகு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த இன்னொரு பிள்ளை வந்து எடுத்துக்கொண்டது. அடுத்த குழப்பத்துக்கு விதை போட்டாயிற்று.

திருத்திய அட்டவணைகள் போனதும் மேலதிகாரி மறுபடி போன் எடுத்தார். வியாபாரம் குறையவில்லை, சம்பளத்தில் ஒன்று குறைவு, மாணவி அப்படியே. எல்லாம் விளங்குகிறது, ஆனால் வியாபாரத்தில் ஒரு புது நம்பர் வந்திருக்கிறதே, யார் அது என்றார். தாய் என்றேன்.

"அப்ப அவ இவ்வளவு நாளும் எங்க இருந்தவ?"

"அங்கதான் சேர் இருந்தவ. ரொட்டி சுட்டுக்கொண்டு."

அவர் போனை வைத்துவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு ஆளை மூன்று தரம் எண்ணினால் கணினி கத்தும், யாழ்ப்பாணத்திலிருந்து போன் வரும். ஒரு ஆளை ஒரு தரமும் எண்ணாவிட்டால் ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள். ஆகவே படகால் இறங்கியதும் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். முதலில் இறங்குதுறைக் கடையில் ஒரு பிளேன்ரீ குடியுங்கள். அதை ஊற்றித் தருவது யார் என்று பாருங்கள்.