ரத்தம் இறங்கும் நேரம்

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். ரத்தம் எடுக்க, சோதிக்க, ரிப்போர்ட் எழுத எல்லாம் நான்தான். முதலாளி எர்ணாகுளத்திலிருந்து போட் பிடித்து எப்போதாவது வருவார், குறை சொல்வார், போவார்.

அதிகம் வந்தது இ.எஸ்.ஆர். சோதனைதான். உடம்புக்குள் எங்காவது வீக்கமோ கிருமியோ இருந்தால், கண்ணாடிக் குழாயில் நிறுத்திய ரத்தத்தின் சிவப்பு வேகமாகக் கீழே இறங்கும், மேலே மஞ்சள் நீர் தெளியும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். அதற்குள் ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோரும் சாயா குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. போடியிலிருந்து வந்து, சுக்கு மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். முட்டி வீங்கி, வாதக் காய்ச்சல். இதயத்தைத் தொட்டுவிடக் கூடாதென்று டாக்டர் மாதாமாதம் சோதனைக்கு அனுப்பினார். முதல் மாதம் குழாயில் கிட்டத்தட்ட பாதி மஞ்சள்.

"போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்களேன்" என்றேன்.

"நான் போனா இது இன்னும் கீழ இறங்கிரும் சிஸ்டர். காவல் இருக்கேன்" என்றார்.

சிஸ்டராம்! எரிச்சலாக வந்தது, ஆனாலும் சிரித்துவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் பெஞ்சில் உட்கார்ந்து போடி மலையைப் பற்றியும் மண்டிக்காரரின் கஞ்சத்தனத்தைப் பற்றியும் பேசுவார். சட்டையெல்லாம் சுக்கு வாசனை. எங்கள் வீட்டில் ஒருவரும் என்னோடு அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மாதத்துக்கு மாதம் சிவப்பு இறங்குவது குறைந்தது. குறைய வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வேன். குறைந்துவிட்டால் வரமாட்டாரே என்று அதே சாமியிடம் மூக்கைச் சிந்துவேன். சாமி முதலில் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது.

கடைசியில் எட்டு மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. "நல்லாயிட்டீங்க, கேட்டீங்களா. இனி வர வேண்டியிருக்காது" என்றேன். எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்கிற வார்த்தையை, அன்று ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னேன்.

அடுத்த மாதம் அவர் வந்தார். முதலாளி வந்திருந்த நாள்.

"முட்டி வலிக்குதா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"அதுவும் இல்ல. சும்மா ஒரு தடவை பார்த்துருங்களேன்." சட்டைக் கையை அதற்குள் மடித்துவிட்டிருந்தார்.

முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "டாக்டர் சீட்டு இல்லாம எடுக்க முடியாதுங்க" என்றேன். தினமும் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகிய வாய்.

சரி என்று தலையாட்டிவிட்டு, மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார். பிறகு வரவில்லை.

நோயே இல்லாத மனிதர் எதற்கு வந்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். ரத்தம் எடுக்காமலே உட்காரச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.