காவல் சம்மனசுக்குப் பாடம் எடுத்த வீடு

போன செவ்வாய்க்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஆக்னஸிடமிருந்து போன் வந்தது. "சித்தி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள். ஈரக்கையோடு போய் பால்கனியில் உட்கார்ந்தேன். கச்சிபௌலியில் என் மகனுடைய ஃபிளாட்டிலிருந்து பார்த்தால் தெரு முழுக்கப் பள்ளிக்கூட பஸ்கள். சீருடை போட்ட பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டெல்லா அக்கா போன செய்தி வந்தபிறகு நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூட பஸ்ஸை. அவரிடம் சொல்லியிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

யார் இறந்துபோனது என்று பேரன் கேட்டான். "ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வளர்த்தவர்" என்றேன். அப்படியெல்லாம் செய்யலாமா என்று இங்கிலீஷில் திருப்பிக் கேட்டான். எழுபதுகளில் நம் பழைய ஃபாக்டரி காலனி மொத்தமும் கேட்ட கேள்விதான் அது.

பழைய குவார்ட்டர்ஸ்காரர்களான உங்களுக்கு ஸ்டெல்லா அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்களில் பலர் அந்த வீட்டைத் தெருவில் கேட்ட சத்தமாகத்தான் அறிவீர்கள். நான் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

அவர் வீட்டுக்காரர் சூசை அண்ணன் ஃபாக்டரியில் லேத் ஓட்டும் டர்னர். வடக்கே இருந்த யூனிட்டிலிருந்து மாற்றலாகி செகந்திராபாத்துக்கு வெளியே இருந்த நம் காலனியில் அவர்கள் வந்து இறங்கியது ஒரு மார்கழியில். நடுவருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இடம் கிடைக்கவில்லை. அக்கா தூத்துக்குடியில் கன்னியாஸ்திரீகளிடம் ஆசிரியப் பயிற்சி முடித்தவர். வேலைக்குப் போவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. "ஜூன் வரைக்கும் நானே சொல்லிக் குடுக்கேன்" என்றார். ஜூன் வந்தபோது வயிற்றில் நாலாவது பிள்ளை. அடுத்த ஜூன் பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த ஜூனில் நான் நினைவுபடுத்தியபோது, "நல்லாப் போயிட்டிருக்கதை எதுக்குக் கெடுக்கணும் விசயா?" என்று கேட்டுவிட்டு மாவாட்டப் போய்விட்டார்.

பள்ளிக்கூடமோ காலனி கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே அடிக்கிற மணி அவருடைய அடுப்படிக்குக் கேட்கும். அதனால்தான் ஊர் வாய் அதிகமாக ஓடியது. ஃபீஸ் கட்ட வக்கில்லை என்றார்கள் சிலர். வீட்டையே மடமாக்கி வைத்திருக்கிறாள் என்றார்கள் சிலர். மடத்தில் அவ்வளவு கூச்சல் இருக்குமா என்பது என் சந்தேகம்.

அந்த வீட்டின் காலைப் பொழுதைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். அக்கா பாடம் எடுத்தது பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். நேற்றுப் படித்ததை இன்று தனக்கு அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும், அதுதான் அங்கே சட்டம். ஆக்னஸ் தம்பிக்குச் சொல்வாள், தம்பி ரீத்தாவுக்கு, ரீத்தா அவளுக்கு அடுத்த லூர்துக்கு. லூர்துக்கு அப்போது எழுத்துகூடச் சரியாகத் தெரியாது. அவன் தொட்டில் பிள்ளைக்குச் சொல்வான். எல்லாரும் ஒரே நேரத்தில், வாய்விட்டு. "நக்கோ, நக்கோ, தப்பு!" என்று ரீத்தா கத்துவாள். "ஹவ், ஹவ், தெரியும்!" என்று லூர்து பதிலுக்குக் கத்துவான். வேண்டாம், ஆமாம் என்பதற்குத் தெருவில் பொறுக்கிய உருது அது. சூசை அண்ணனுக்கு டிபன் கட்டிக்கொண்டே அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "ஏட்டி ரீத்தா, அவனுக்கு விளங்கலைன்னா ஒனக்கு விளங்கலைன்னு அர்த்தம். திரும்பச் சொல்லு."

சாப்பாடு, துணி, பால்வாடை, கணக்கு, ஞானோபதேசம் எல்லாம் அந்த இரண்டு அறைக்குள்தான். மத்தியானம் ஃபாக்டரிச் சங்கு ஊதியதும் திரிகாலச் செபம். நின்றவர் நின்ற இடத்தில், கரண்டி பிடித்தவர் கரண்டியோடு. அதுவும் சத்தமாகத்தான். சாயங்காலம் ஜெபமாலை, அதற்கும் ஆளுக்கொரு பத்து மணி முறை வைத்துக் குரலெடுத்துச் சொல்ல வேண்டும். இந்தச் சத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "சத்தம் கேட்டா என் வேலையைப் பாப்பேன். சத்தம் நின்னாத்தான் என்னமோ நடந்துபோச்சுன்னு எட்டிப் பாப்பேன்" என்றார். இரண்டு பிள்ளைகளை யூனிஃபார்ம் மாட்டி அனுப்பிவிட்டு அப்பாடா என்று உட்கார்கிறவள் நான். அந்த மனுஷிக்கு மூச்சு எங்கே இருக்கிறது என்று வியந்துகொண்டே இருப்பேன்.

ஆக்னஸ் பத்தாவது படிக்கும் வயதை எட்டிய வருஷம், கிறிஸ்துமஸுக்கு சூசை அண்ணனின் தமையனார் ஊரிலிருந்து வந்தார். அவர் பங்குச் சாமியார். தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். பொல்லாத மனிதர் இல்லை. பிள்ளைகள் வீணாகப் போகிறார்களே என்று உண்மையாகவே பயந்தவர். ஊரில் போர்டிங்கில் ஆறு பேருக்கும் இடம் பேசி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். பெண்கள் கன்னியாஸ்திரீகளிடம், பையன்கள் வேறொரு ஊரில். அக்கா பிடிகொடுக்காததால் கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். "ஆக்னஸ் பத்தாவது பரீட்சையை ப்ரைவேட்டா எழுதட்டும். பாஸானா நான் வாயே தெறக்க மாட்டேன். இல்லைன்னா ஜூன்ல ஆறு பேரும் எங்கூட வரணும்." சூசை அண்ணன் தலைகுனிந்து சரி என்றார். அக்காவும் சரி என்றார்.

மறுநாள் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தும்போதுதான் அவர் உடைந்தார். ஈரப் போர்வையை மார்போடு பிடித்துக்கொண்டு, "ஆறையும் கொண்டுபோயிட்டா நான் யாருக்கு விசயா சோறு வைப்பேன்?" என்று கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பரீட்சை தவக்காலத்தில் வந்தது. செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹால். முதல் நாள் கணக்கு. கடைக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவும், துணைக்கு நானும் பஸ்ஸில் போய் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றோம். கணக்கில் ஆக்னஸை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் எங்களுக்குக் கவலையே இல்லை. முடிந்து வெளியே வந்தவளின் முகம் அழுது வீங்கியிருந்தது.

நடந்தது இதுதான். முதல் கேள்வியைப் படித்ததும் அவள் வழக்கம்போல வாய்விட்டு ஆரம்பித்திருக்கிறாள்: "இப்ப நல்லாப் பாரு, இந்தப் பக்கம் இருக்கதைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சா..." ஹாலே சிரித்திருக்கிறது. கண்காணிப்பாளர் அதட்டியதும் வாயை மூடினாள். வாயோடு சேர்ந்து பேனாவும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தன்னை அறியாமல் மறுபடி முணுமுணுத்திருக்கிறாள். பக்கத்துப் பெண்ணுக்கு விடை சொல்கிறாள் என்று நினைத்து அவர் பேப்பரைப் பிடுங்கி, வெகுநேரம் கழித்துத்தான் கொடுத்திருக்கிறார். இனி உதடு அசைந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று எச்சரிக்கையும் விட்டிருக்கிறார். விடைத்தாளில் பாதி வெள்ளை.

"வாயை மூடுனா எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்று ஆக்னஸ் விம்மினாள்.

இந்தப் பெண் பிறந்ததிலிருந்து எதையும் மௌனமாக யோசித்ததே இல்லை. அந்த வீட்டில் யோசிப்பதென்றால் யாருக்காவது சொல்வது. பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு முதல் வாரமே வந்துவிடுகிற வாய்ப்பூட்டு இவளுக்கு வரவே இல்லை. பத்து வருஷ உழைப்பு இப்படியா வந்து முட்டிக்கொள்ள வேண்டும்? இன்னும் பேப்பர்கள் பாக்கி இருந்தன. ஜூனில் வீடு காலி என்றே நினைத்தேன்.

பஸ்ஸில் அக்காவின் விரலிடுக்கில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. காலனி நிறுத்தத்தில் இறங்கியதும் நின்று மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒன் வலது தோள் பக்கம் யாரு நிக்கா?"

"காவல் சம்மனசு."

ஒவ்வொருவரையும் காக்க ஒரு தேவதூதர் கூடவே நிற்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவருக்குத்தான் அந்தப் பெயர்.

"அவருக்குக் கணக்கு தெரியுமா?"

ஆக்னஸ் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அதை நீங்க சொல்லித் தரலியே."

"தெரியாதுன்னு வச்சுக்கோ. பாவம், அவருக்குப் பள்ளிக்கூடம் ஏது? நீ சொல்லிக் குடு. ஆனா அவருக்கு நம்மளை மாதிரிக் காது கிடையாது. உதடு அசைஞ்சா அவருக்குக் கேக்காது. மனசுக்குள்ள சொன்னாத்தான் கேக்கும்."

மறுநாள் பரீட்சை இல்லை. ஆறு பேரையும் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்தார். கண்காணிப்பாளர் நான். "ஒனக்குத்தான் நல்ல முறைக்கிற மூஞ்சி" என்று பதவி கொடுத்தார். பலகையில் பாடத்தை எழுதிப் போட்டு, ஆளுக்கு ஆள் தன் சம்மனசுக்கு அதை விளக்கச் சொன்னார். ரீத்தா இரண்டு விரலால் உதட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள். லூர்து வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டான். நான் முறைத்ததும் சிரித்து, எல்லாம் என் புடவையில். பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. அந்த வீட்டில் மின்விசிறி ஓடும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். "என்னாச்சு? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். எதிர் வீட்டுக்காரரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் நின்றுபோனதில் தெருவே பயந்துவிட்டது.

நான் ஆக்னஸைப் பார்த்தேன். எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, வலது தோள் பக்கம் லேசாகத் திரும்பினாள். கொஞ்சம் பொறுத்தாள். கேட்பவருக்குப் புரிந்துவிட்டது போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். நான் வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனாலும் அந்த இடத்தில் யாரோ நிற்கிறார் என்று நினைத்து, நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

மீதிப் பேப்பர்கள் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் எழுதினாள். ரிசல்ட் நாளன்று பேப்பரில் அவள் நம்பர் இருந்தது. முதல் நாள் கணக்கில் மட்டும் மயிரிழையில் தப்பியிருந்தாள்.

ஜூனில் சாமியார் வந்தார். எப்படியம்மா எழுதினாய் என்று கேட்டார். ஆக்னஸ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "குருமடத்துல நான் எத்தனையோ வருசம் படிச்சேன். சம்மனசுக்குக் கணக்கு தெரியாதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்றார்.

"எனக்கும் யாரும் சொல்லல சாமி. அவசரத்துக்கு வந்துச்சு" என்றார் அக்கா.

அவர் சிரித்த சிரிப்பு எங்கள் வீடு வரை கேட்டது. போர்டிங் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி வந்தார்.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் தவறியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வாய்விட்டு அழு, வாய்விட்டு அழு என்று பிராணனை வாங்கினார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் கை வைத்தார். "உதட்டை அசைக்காண்டாம் பிள்ள. அவுகளுக்கு என்ன சொல்லணுமோ மனசுக்குள்ள சொல்லு. கேக்கும்" என்றார். சொன்னேன். அன்றைய அரிசி விலையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியம் பிடிக்காமல் நான் மீண்டது அப்படித்தான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். தலை நரைத்த ஆறு பிள்ளைகளும் கல்லறைத் தோட்டத்தில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், பெட்டியை யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று. அக்காவுக்கு அது பிடித்திருக்கும். பெட்டியை மூடும்போது சத்தம் சட்டென்று நின்றது. நான் ஆக்னஸைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. தலை மட்டும் வலது தோள் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. இந்த முறை அங்கே நிற்பது யார் என்று எனக்குத் தெரியும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். இதை எழுதும் நேரம் முழுக்க நான் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் ஸ்டெல்லா அக்காவுக்குச் சொல்லிக்கொண்டேதான் எழுதினேன். நடுவில் ஓரிடத்தில், "விளங்கலை பிள்ள, திரும்பச் சொல்லு" என்றார். அந்த வரியை அடித்துவிட்டு, திரும்ப எழுதினேன்.